எத்தனை குதிரைவலு என்று கேட்காதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. பிளேன்டீ ஒன்றை ஊற்றிக்கொண்டு வாசியுங்கள்.

தாத்தாவின் மகன், அதாவது என் மருமகன், கட்டிக்கொண்டிருக்கும் வெள்ளை ஸ்டார்லட்டைப் பற்றி வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் என்னிடம் கேட்காத ஆள் இல்லை. ஜும்ஆ முடிந்து வெளியே வந்தால் கேட்கிறார்கள். பெற்றோர் கூட்டத்தில் பிள்ளையின் மார்க்கைக் கேட்டுவிட்டு அதையும் கேட்கிறார்கள். கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "சேர், எத்தனை ஹோர்ஸ் பவர்?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் ஏன் சிரித்துக்கொண்டு போகிறேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் மெக்கானிக் இல்லை. அட்டாளைச்சேனை கல்வியியற் கல்லூரியில் பயின்று விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆசிரியன். ஆனால் கடந்த மூன்று மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளில் கொட்டாஞ்சேனையில் அந்தக் கராஜில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் கதைச் சுருக்கம். 2019 கடைசியில், ஓடாமல் கிடந்த பழைய ஈபி82 ஸ்டார்லட் ஒன்றை அவன் வாங்கினான். 2020 மார்ச்சில் கொரோனாவோடு வாகன இறக்குமதியும் நின்றது. 2025 பெப்ரவரி வரை அந்தக் கதவு தனியார் வாகனங்களுக்குத் திறக்கவில்லை. அந்த ஐந்து வருடத்தில் பழைய கார்களின் விலை என்ன ஆனது என்று உங்களுக்கே தெரியும். அவனுடைய கூட்டாளிகள் பலர் கையில் இருந்ததை விற்று லாபம் பார்த்தார்கள். இவன் விற்கவில்லை. பஞ்சிகாவத்தையில் ஹாஃப் கட் ஒன்றிலிருந்து இறக்கிய 4ஈ-எஃப்டிஈ எஞ்சின் ஒன்றைத் தேடி எடுத்தான். 1331 சீசீ, கம்பனியிலிருந்து டர்போவோடு வந்தது, 135 குதிரைவலு. கார் 900 கிலோவுக்கும் குறைவு. 2022இல் கியூஆர் கோட்டில் காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர் என்று ஆரம்பித்த காலத்தில், எஞ்சினைப் பிரித்து மேசையில் வைத்து பிஸ்டன், ரிங், பெயாரிங் எல்லாம் மாற்றினான். பெரிய டர்போ, முன்னுக்கு ஒரு இன்டர்கூலர், லெப்டொப்பில் திருத்தக்கூடிய ஈசியூ. சம்பளத்தில் மிச்சம் பிடித்தது எல்லாம் அதற்குள்ளே போனது. தாத்தா கூட ஒரு முறை வளையலைக் கழற்றிக் கொடுத்தா.

இப்போது எல்லாம் பொருத்தியாகிவிட்டது. "இனி என்ன, ட்யூனிங் மட்டும்தானே, ஒரு நாள் வேலை" என்று பலர் சொன்னார்கள். அந்த "மட்டும்தானே" என்ற இடத்தில்தான் முழு விஷயமும் இருக்கிறது.

டர்போ என்றால் என்ன? 1905இல் சுவிஸ் பொறியியலாளர் அல்பிரட் பூஹி காப்புரிமை எடுத்த யோசனை. வீணாக வெளியே போகும் புகையைக் கொண்டு ஒரு சில்லைச் சுற்றி, அதன் மறுபக்கத்தால் எஞ்சினுக்குள் காற்றை அமுக்கி அனுப்புவது. காற்றுக் கூடினால் பெற்றோலையும் கூட்டலாம், பலம் கூடும். ஆனால் காற்றை அமுக்கினால் சூடாகும். சைக்கிள் பம்பின் அடியைத் தொட்டுப் பார்த்த எந்தப் பிள்ளைக்கும் இது தெரியும். கொழும்பின் 35 பாகைக் காற்றை 0.7 பார் அமுக்கினால் டர்போவை விட்டு வெளியே வரும்போது 100 பாகையைத் தாண்டிவிடும். இன்டர்கூலர் அதைக் குறைக்கும், முழுதாக இல்லாமலாக்காது.

சூடான, நெருக்கமான கலவைக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பிளக் கொடுத்த தீ பரவி வந்து சேர முதலே, ஒரு மூலையில் தானாக வெடிக்கும். அதைத்தான் நொக்கிங் என்கிறோம். 6000 ஆர்பிஎம்மில் நாலு சிலிண்டருக்கும் சேர்த்து ஒரு செக்கனில் 200 தரம் தீ பிடிக்கிறது. இரண்டு செக்கன் பிழையாக ஓடினால் 400 சுத்தியல் அடி. ஐந்து வருட உழைப்பு ஒரு பிஸ்டனில் ஓட்டையாக முடிய அது போதும்.

ட்யூனிங் என்பது இந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்பது. ஈசியூவுக்குள் ஒரு பெரிய அட்டவணை இருக்கும். ஒரு பக்கம் ஆர்பிஎம், மறுபக்கம் காற்றின் அமுக்கம். ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு பெற்றோல், எந்த நேரத்தில் தீ என்று எழுத வேண்டும். சாதாரணமாக ஒரு கிலோ பெற்றோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். பூஸ்டில் ஓடும்போது சூட்டைக் குறைக்க அதை 11.5, 12 அளவுக்குப் பெற்றோல் கூட்டி வைப்பார்கள். சைலன்சரில் பொருத்திய சென்சர் ஒன்று அந்த எண்ணைக் காட்டிக்கொண்டே இருக்கும்.

அவன் லெப்டொப்பைத் திறக்க முதல் இரண்டு ஞாயிறு போனது. நாலு சிலிண்டரிலும் கொம்பிரஷன் பார்த்தான். காற்றுக் குழாய்களை அடைத்து உள்ளே காற்றடித்து, மூட்டுக்கு மூட்டு சவர்க்காரத் தண்ணி தடவி, குமிழி வருகிறதா என்று பார்த்தான். ஈசியூ 10 பாகை டைமிங் என்று சொன்னால் எஞ்சினிலும் 10 பாகைதானா என்று லைட் அடித்துப் பார்த்தான். கூட்டாளிகள் கொட்டாவி விட்டார்கள். எனக்கு ஆய்வுகூடத்தில் தராசைப் பூச்சியத்துக்குக் கொண்டுவருவது ஞாபகம் வந்தது.

பிறகு டைனோ நாள். மணித்தியாலக் கணக்கில் காசு. முதலில் ஆகக் குறைந்த பூஸ்டில் ஓடினான், எல்லாம் அழகு. கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி 0.8 பாருக்கு வந்தபோது, 5000 ஆர்பிஎம்முக்கு மேல் அந்த எண் அசைய ஆரம்பித்தது. 11.8. 12.4. 13.1. உடனே காலை எடுத்துவிட்டான்.

"மச்சான், அந்த நாலு கட்டத்தில பெற்றோலக் கூட்டிவிடு. அஞ்சு நிமிஷ வேல" என்றான் ஒரு கூட்டாளி. உண்மைதான். எண்ணை மாற்றினால் எண் சரியாக வந்திருக்கும். கட்டிய காசில் பாதி நேரம் இன்னும் மிச்சம் இருந்தது. பெருநாளுக்கு முதல் கார் ரோட்டுக்கு வரவேண்டும் என்று எல்லோரும் நெருக்கிக்கொண்டிருந்தார்கள்.

"ஏலாது மச்சான்" என்றான் அவன். "கீழ எல்லா இடத்திலயும் கணக்குச் சரியா வருது. இங்க மட்டும் ஏன் கொறயுது? இன்ஜெக்டர் இன்னும் முழுசாத் தெறக்கவும் இல்ல. கணக்குல பிழயில்ல, சாமான் எங்கயோ வந்து சேருது இல்ல."

எஞ்சினை நிறுத்தி, பெற்றோல் லைனில் கேஜ் ஒன்றைப் பொருத்தினான். பூஸ்ட் எவ்வளவு கூடுகிறதோ பெற்றோல் அமுக்கமும் அவ்வளவு கூட வேண்டும். 3 பாரில் ஆரம்பித்தது 3.8க்குப் போக வேண்டிய இடத்தில் 3.2க்கு இறங்கியது. பம்ப் புதியது. வயர்தான் பழையது. முப்பது வருடத்துக்கு முந்திய மெல்லிய வயர். பற்றரியில் 13.9 வோல்ட் இருக்க, பம்புக்குப் போய்ச் சேர்ந்தது 10.9. பலம் கேட்கும் நேரத்தில் பம்ப் சோர்ந்துபோகிறது. அன்றைய ட்யூனிங் அத்தோடு முடிந்தது. மிச்சக் காசு போனது போனதுதான்.

அடுத்த கிழமை ஒரு ரிலே, ஒரு ஃபியூஸ், பற்றரியிலிருந்து நேராக ஒரு தடித்த வயர். சில ஆயிரம் ரூபா வேலை. திரும்ப டைனோவில் ஏற்றினால் 11.7இல் கோடு போட்டது போல நின்றது.

எண்ணை மாற்றி மறைத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று பிறகு கேட்டேன். அவன் சொன்ன பதிலை எஸ்எஸ்சி காலத்து பாஸ்மாரும் மறுக்கமாட்டார்கள். "அண்டக்கிச் சரியா ஓடியிருக்கும் மாமா. ஒரு நாள் ராவையில, மழையில, ஹெட்லைட், வைப்பர், ஃபேன் எல்லாம் ஒண்டாப் போட்டு மிதிச்சா வோல்ட் இன்னும் கொறயும். அண்டைக்கு பிஸ்டன் உருகும்."

ஆசிரியர்களே, பெற்றோரே, இதை நாங்கள் தினமும் பார்க்கிறோமா இல்லையா? எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் பின்னம் விளங்கவில்லை. அந்தத் தவணைக்கு எதையாவது பாடமாக்கி, மார்க்கை 70க்குக் கொண்டுவந்துவிடுகிறோம். எண் சரி. வயர் அப்படியே இருக்கிறது. சாதாரண தரத்தில் எல்லா லைட்டும் ஒன்றாக எரியும் நாளில் அது தெரியவரும்.

வாகன உலகத்தில் இதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1962இல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர் என்று ஒரு கார் வந்தது. டர்போவோடு விற்பனைக்கு வந்த முதல் கார்களில் ஒன்று. 215 கன அங்குல எஞ்சின், 215 குதிரைவலு. அங்குலத்துக்கு ஒரு குதிரை என்று பெருமை. ஆனால் கொம்பிரஷன் 10.25. நொக்கிங்கை அடக்க, தண்ணீரும் மெதனோலும் கலந்த திரவம் ஒன்றைத் தனித் தாங்கியில் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வாங்கியவர்கள் பலர் ஊற்றவில்லை. இரண்டு வருடத்தில் உற்பத்தி நின்றது. பிறகு பல கார்களில் டர்போவையே கழற்றிவிட்டார்கள். எண் அழகாகத்தான் இருந்தது. அந்த எண்ணை நாள்தோறும் சுமக்க என்ன வேண்டும் என்பதுதான் சிக்கல்.

அதனால்தான் கடைசி நாளில் அவன் செய்ததை முக்கியமாகச் சொல்கிறேன். ஆகக் கூடிய பலம் வந்த இடத்திலிருந்து டைமிங்கை 3 பாகை பின்னுக்கு எடுத்தான். 11 குதிரைவலு போனது. ஏன் என்றால், டைனோவில் பெரிய ஃபேன் இருக்கிறது, பொரளைச் சந்தி டிரஃபிக்கில் இல்லை. 95 பெற்றோல் எல்லா ஷெட்டிலும் எல்லா நாளும் கிடைக்காது. 92 ஊற்ற வேண்டி வந்தால் பூஸ்ட் குறைந்த இன்னொரு மெப்புக்கு மாற ஒரு சுவிட்ச் வைத்திருக்கிறான். நுவரெலியாவில் 1934இலிருந்து நடக்கும் மககஸ்தோட்ட மலையேற்றப் போட்டியில் ஒரு நாள் ஓட வேண்டும் என்பது அவன் ஆசை. நுவரெலியா கிட்டத்தட்ட 1868 மீற்றர் உயரம். அங்கே காற்றமுக்கம் கொழும்பை விட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதே பூஸ்டுக்கு டர்போ இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும், காற்று இன்னும் சூடாகும். கொழும்பிலேயே கடைசிச் சொட்டு வரை பிழிந்து வைத்தால் மேலே போக இடம் இருக்காது.

இன்னொரு விஷயத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நோன்பு கால இரவுகளில் மெரைன் டிரைவில் என்ன நடக்கிறது என்று வெள்ளவத்தையில் இருக்கும் எவருக்கும் நான் சொல்லத் தேவையில்லை. 2024 ஏப்ரல் 21, தியத்தலாவை பொக்ஸ் ஹில் போட்டியை நினைத்துப் பாருங்கள். ஒழுங்குபடுத்தப்பட்ட ஓடுபாதை, உதவியாளர்கள், கொடிகள். அப்படியிருந்தும் ஒரு கார் பாதையை விட்டு சனத்துக்குள் பாய்ந்து 7 பேர் மௌத்தானார்கள். அதில் ஒரு பிள்ளைக்கு 8 வயது. அங்கேயே அப்படி என்றால், ஒரு பக்கம் ரயில் பாதையும் மறுபக்கம் வீட்டு வாசல்களும் உள்ள ரோட்டில்? மருமகன் பூஸ்டைக் கூட்ட முதல் பிரேக்கையும் டயரையும் மாற்றினான். அது தாத்தா போட்ட நிபந்தனை. வளையலுக்கு அந்த உரிமை இருக்கிறது.

இனி பெற்றோருக்கு. "இவன் படிக்கல்ல, கராஜுல கிடக்கிறான்" என்று சொல்லாதீர்கள். கராஜில் கிடக்கிற பிள்ளை அங்கே என்ன செய்கிறான் என்று போய்ப் பாருங்கள். சத்தத்துக்காகக் கிடக்கிறானா, கேஜைப் பார்த்து ஏன் என்று கேட்கிறானா? ஏன் என்று கேட்கிறவன் என்றால் அவனுக்கு வழி இருக்கிறது. ஒருகொடவத்தையில் நைட்டாவின் ஓட்டோமொபைல் பயிற்சி நிறுவனம் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு பஸ் தூரம். மொரட்டுவையில் ஜேர்மன் டெக். தேசிய தொழில் தகைமை, அதுதான் என்விகியூ, ஏழு மட்டம் வரை இருக்கிறது. ஏழு என்பது பட்டத்துக்குச் சமம். கையில் தொழில் இருப்பவனுக்கு அந்தக் கடதாசியும் இருந்தால், வெளிநாடு போனாலும் ஊரில் கராஜ் போட்டாலும் மதிப்பு வேறு.

எங்கள் பத்தாம் வகுப்பு மாணவர்கள் சிலரை, வீட்டாரின் அனுமதியோடு, அடுத்த ஞாயிறு காலை அந்தக் கராஜுக்குக் கூட்டிப்போக யோசித்திருக்கிறேன். அமுக்கம், வெப்பநிலை, ஓமின் விதி மூன்றையும் ஒரே போனட்டுக்கு அடியில் காட்டலாம். அந்தப் பழைய மெல்லிய வயரை அவன் எறியவில்லை. அதைத்தான் முதலில் பிள்ளைகளின் கையில் கொடுக்கப் போகிறேன். பிள்ளையை அனுப்ப விரும்பும் பெற்றோர் இன்பொக்ஸில் சொல்லுங்கள்.

அவனுடைய பாதுகாப்புக்காக துஆ செய்யுங்கள்.