மார்கழிப் பனியில் ஒரு முந்தானை

இமயத்தில் மலையாய் உறையும் பனி, காவிரி நாட்டில் சம்பாக் கதிரின் நுனியில் முத்தாய் நிற்கும். ஐம்பது ஆண்டுகளுக்கு முன், மார்கழி வைகறையில் தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில் விமானம் மூடுபனியில் மறைந்திருக்கும்.

வாசல்தோறும் கோலமும் பூசணிப்பூவும். திருவெம்பாவை பாடிப் பஜனைக் கோஷ்டி வீதி வலம் வரும். நீராடி நடுங்கும் பேரனின் தலையைத் தம் முந்தானையால் மூடி அழைத்துச் செல்வார் ஒரு பாட்டி. சிறுவனின் நாட்டமெல்லாம் சுடச்சுடக் கிடைக்கும் வெண்பொங்கலின் மீதே. பாட்டியோ, இரண்டாம் இராசராசன் எடுப்பித்த அக்கோயிலில் சிறுசிறு சிற்பங்களாய் விளங்கும் நாயன்மார்களைக் காட்டிக் கதை சொல்வார். பொங்கலுக்காகச் சென்றவன் கண்ணப்பரை அறிந்து திரும்பினான்.

அந்தப் பேரன் இன்று தாத்தா. 2004-இல் உலகப் பாரம்பரியச் சின்னமான அக்கோயிலைக் காணக் கடல் கடந்து வருகின்றனர். அவர் வீட்டுப் பிள்ளைகளோ போர்வைக்குள் உறங்கினர். ‘குளிருமே, பாவம்’ என்று எழுப்பாமல் விட்டவரும் அவரேதான்.

சென்ற மார்கழியில் மனம் கேளாமல் பேத்தியை எழுப்பினார். தம் சால்வையால் அவள் தலையை மூடி நடந்தார். அவர் தலையில் பனி இறங்கியது. அன்று பாட்டி தம் தலை நனையவே நடந்தார் என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கிற்று.