கூடவேதானே இருக்கிறோம்?

அன்புள்ள பள்ளிப்பட்டு வாசகர்களுக்கு,

லண்டனிலிருந்து எழுதுகிற மடல்தான் என்றாலும், இந்த முறை பேச்சு டெல்லிப் பக்கத்தில் தொடங்குகிறது. 2017 மார்ச் மாதம் கிரேட்டர் நொய்டாவில் நைஜீரிய மாணவர்களைக் கும்பல் கூடி அடித்தது. வணிக வளாகத்துக்குள் ஒருவரைச் சூழ்ந்துகொண்டு தாக்கும் காட்சி உலகமெல்லாம் ஓடியது. அடுத்த மாதம் அல் ஜசீரா தொலைக்காட்சி விவாதத்தில், இந்தியாவில் இனவெறி உண்டா என்ற கேள்வி பா.ஜ.க.வின் முன்னாள் மாநிலங்களவை உறுப்பினர் தருண் விஜய்யிடம் வந்தது. அவர் சொன்ன பதிலின் சாரம் இது: நாங்கள் இனவெறியர்களாக இருந்தால் தென்னாடு முழுவதோடும், தமிழர்களோடும் கேரளம், கர்நாடகம், ஆந்திரத்துக்காரர்களோடும், எப்படிச் சேர்ந்து வாழ்வோம்? எங்களைச் சுற்றிலும் கறுப்பர்கள் இருக்கிறார்களே! எதிர்ப்பு கிளம்பியதும் மன்னிப்புக் கேட்டார். நம் ஊரில் கொஞ்ச நாள் கோபம், கொஞ்ச நாள் கேலி, அதோடு போயிற்று. அந்த வாக்கியத்தை மட்டும் அப்படி விட்டுவிட எனக்கு மனமில்லை. இனவெறி இல்லை என்று சொல்ல வந்தவர், அது எங்கே குடியிருக்கிறது என்று விலாசம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

முதலில் ஆளைப் பற்றி நியாயமாக ஒன்று சொல்லிவிட வேண்டும். தருண் விஜய் தமிழ் என்றாலே முகம் சுளிக்கிறவர் இல்லை. திருக்குறளை வடக்கே கொண்டுபோக வேண்டும் என்று மேடை மேடையாகப் பேசியவர், ஹரித்வாரில் வள்ளுவர் சிலை வைக்க முன்னின்றவர். அந்தப் பற்று பொய் என்று நான் சொல்ல மாட்டேன். அதனால்தான் இந்த உதாரணம் கனமானது. குறள்மேல் உண்மையான மதிப்பு வைத்திருப்பவர் வாயிலும் ‘நாங்கள்’ என்ற சொல்லுக்குள் தமிழனுக்கு இடமில்லாமல் போயிற்று. ‘நாங்கள்’ இந்த நாடு, ‘அவர்கள்’ நாங்கள் பொறுத்துக்கொண்டு கூட வைத்திருக்கிறவர்கள். வெறுப்பு துளியும் வேண்டாம், இலக்கணமே போதும். அதே நாட்களில் ஆப்பிரிக்க நாடுகளின் தூதர்கள் நொய்டாத் தாக்குதல்கள் இன அடிப்படையிலானவை என்று கூட்டறிக்கை விட்டார்கள். அன்றைய வெளியுறவு அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ் நாடாளுமன்றத்தில் அதை ஏற்கவில்லை. விசாரணை முடியும் முன்னே இனவெறி என்று எப்படிச் சொல்வது என்பது அவர் வாதம். ஒரு குறிப்பிட்ட வழக்குக்கு அது சரியாகவும் இருக்கலாம். ஒவ்வொரு வழக்குக்கும் அதுவே பதிலாக வரும்போதுதான் சந்தேகம் வருகிறது.

‘கூடவேதானே இருக்கிறோம்’ என்ற வாதத்துக்கு வருகிறேன். அருகில் இருப்பது பாகுபாடு இல்லை என்பதற்குச் சாட்சி ஆகுமா? ஊர்க்காரருக்கு ஒரு குவளை, தலித்துக்கு ஒரு குவளை என்ற இரட்டைக் குவளையை நினைத்துப் பாருங்கள். ஒரே டீக்கடை, ஒரே பால், ஒரே பாய்லர், காசும் ஒரே காசு. இருவரும் அதே கடைக்கு வந்ததால்தான் இரண்டாவது குவளை தேவைப்பட்டது. வராதவனுக்கு எதற்குத் தனிக் குவளை? ஊரும் சேரியும் காலம் காலமாகக் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தன. நாற்று நட, மாடு பார்க்க, பறை அடிக்க, பிணம் எரிக்க ஆள் பக்கத்திலேயே வேண்டும். தென்னாப்பிரிக்காவில் நிறவெறிச் சட்டங்கள் உச்சத்தில் இருந்த நாளிலும் வெள்ளைக்காரர் வீட்டுக் குழந்தையை இடுப்பில் வைத்து வளர்த்தது கறுப்பினப் பெண்தான். பாகுபாடு என்பது தூரத்தில் இருப்பவன்மீது காட்டும் பகை மட்டுமல்ல. பக்கத்தில் இருப்பவனை எந்த இடத்தில் நிறுத்துவது என்ற ஏற்பாடு அது. அதற்கு அருகாமை தடை இல்லை, முதலீடு.

நான் இருக்கும் பிரிட்டனின் அரசியல்வாதிகள் இவ்வளவு வெள்ளந்தியாகப் பேச மாட்டார்கள். 2021 மார்ச்சில் டோனி சீவெல் தலைமையிலான அரசு ஆணையம் ஒன்று அறிக்கை தந்தது. இனவெறி அடியோடு ஒழிந்துவிட்டது என்று அது சொல்லவில்லை. சிறுபான்மையினருக்கு எதிராக வேண்டுமென்றே வளைக்கப்பட்ட அமைப்பாக இன்றைய பிரிட்டன் இல்லை, வர்க்கம், குடும்பச் சூழல், வசிக்கும் பகுதி இவைதான் பெரும்பாலும் ஆளை இழுத்துப் பிடிக்கின்றன என்றது. இதில் ஒரு பாதி உண்மை. அடுத்த ஆண்டே ரிஷி சுனக் பிரதமரானார். ஐம்பது ஆண்டுக்கு முன் யாரும் கனவில்கூடக் காணாதது அது. ஆனால் ‘வேண்டுமென்றே’ என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். மனத்துக்குள் கள்ளம் இருந்ததா என்று தேடிப் பார்த்து, இல்லை என்று கையை விரித்துவிடலாம். மனத்தை விட்டுவிட்டுக் கணக்கைப் பார்த்தால் கதை வேறு. 2019இல் ஆக்ஸ்போர்டின் நஃபீல்ட் கல்லூரி ஆய்வாளர்கள் ஒரே படிப்பு, ஒரே அனுபவம், பெயரில் மட்டும் வேறுபாடு என்று வேலைக்கு விண்ணப்பங்கள் அனுப்பிப் பார்த்தார்கள். வெள்ளையர் பெயருக்கு வரும் அளவு பதில் கிடைக்க, சிறுபான்மையினர் பெயரில் 60 சதவீதம் அதிகமாக விண்ணப்பம் போட வேண்டியிருந்தது. காகிதத்துக்கு வர்க்கமும் கிடையாது, குடும்பச் சூழலும் கிடையாது. மிஞ்சியது பெயர்தான்.

இதைப் படித்துவிட்டு வெள்ளைக்காரனைத் திட்ட ஆரம்பிக்கும் முன் ஒரு நிமிடம் பொறுங்கள். இதே சோதனையை சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெலும் இந்தியாவில் செய்து 2007இல் வெளியிட்டார்கள். பத்திரிகை விளம்பரம் பார்த்துத் தனியார் நிறுவனங்களுக்கு விண்ணப்பம். மேல்சாதிப் பெயர், தலித் பெயர், முஸ்லிம் பெயர், தகுதி ஒன்றே. நேர்காணலுக்குக் கூப்பிடும் வாய்ப்பு தலித் பெயருக்கு மேல்சாதிப் பெயரைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு, முஸ்லிம் பெயருக்கு மூன்றில் இரண்டு பங்கு குறைவு. அந்த நிறுவனங்களின் அதிகாரிகளைக் கேட்டால் ‘இப்ப யாருங்க சாதி பார்க்கிறா? திறமைதான்’ என்பார்கள். நம்பிச் சொல்லும் சொல்தான் அது. நம்பிச் சொல்லிக்கொண்டே உறையை ஓரமாக வைத்துவிடுகிறார்கள். இதற்கு அப்பால், 2011-12இல் நடந்த இந்திய மனித வளர்ச்சி ஆய்வில் நாலில் ஒரு குடும்பத்துக்கு மேல், 27 சதவீதம், ஏதோ ஒரு வகையில் தீண்டாமை பார்ப்பதாகத் தாமே ஒப்புக்கொண்டன. ஒப்புக்கொண்டவர்களின் கணக்கு மட்டும் இவ்வளவு.

கடல் கடந்தவர்களின் கோலம் இன்னும் வேடிக்கை. 2010இல் பிரிட்டனில் சமத்துவச் சட்டம் வந்தபோது, இன அடிப்படையிலான பாகுபாட்டுக்குள் சாதியையும் சேர்க்க அதில் ஒரு வாசல் வைத்தார்கள். தேசியப் பொருளாதார, சமூக ஆய்வு நிறுவனம் அதே ஆண்டு விசாரித்து, வேலையிடத்தில் சாதிப் பாகுபாடு நடப்பதற்குச் சான்று உண்டு என்று எழுதியது. 2013இல் சட்டம் திருத்தப்பட்டு, சாதியைச் சேர்ப்பது அரசின் கடமை என்றே ஆயிற்று. பிறகு பல இந்து அமைப்புகள் வரிசையாகக் கிளம்பின: எங்கள் பிள்ளைகளுக்குச் சாதி என்றால் என்னவென்றே தெரியாது, இந்தச் சட்டம் எங்களைக் களங்கப்படுத்தும். 2018இல் அரசு பின்வாங்கியது, நீதிமன்றத் தீர்ப்புகளே போதும் என்றது. வெள்ளையர் நம்மிடம் ‘இங்கே இனவெறி எங்கே இருக்கிறது?’ என்று கேட்டால் நமக்கு வரும் ஆத்திரம் நியாயமானது. அதே கேள்வியை ‘சாதி எங்கே இருக்கிறது?’ என்று மாற்றி, அதே நிதானத்தோடு நம்மவரே கேட்கிறார்கள். கேட்பவர்களில் பலர் மணமகன் தேவை விளம்பரத்தின் முதல் வரியை ஒருமுறை வாசித்துப் பார்க்கலாம்.

இனம் வேறு, சாதி வேறு, இரண்டையும் குழப்பாதே என்று ஒரு பதில் வரும். 2001இல் டர்பனில் நடந்த இனவெறிக்கு எதிரான ஐ.நா. மாநாட்டில் இந்திய அரசு பிடித்த பிடியும் அதுதான். சாதி இனம் அல்ல, ஆகவே இங்கே பேசக்கூடாது. அறிவியலாக அதை மறுக்க எனக்கு விருப்பமில்லை. சாதி இனம் இல்லைதான். ஆனால் டர்பனுக்குப் போன தலித் அமைப்புகள் தங்கள் ரத்தம் வேறு என்று நிரூபிக்கப் போகவில்லை. பிறப்பை வைத்து நடத்தும் முறை ஒன்றே என்று சொல்லப் போனார்கள். அகராதியைக் காட்டிக் கதவை அடைத்தது வசதியான வேலை. இன்னொரு மறுப்பு, பேசப் பேசத்தான் வளர்கிறது, பேசாமல் இருந்தால் தானே செத்துப்போகும் என்பது. நல்லெண்ணத்தோடு பலர் சொல்வது. பேசாமல் விட்டதால் இடிந்த சுவர் எது என்று மட்டும் நான் கேட்பேன்.

சுவர் என்றதும் நம் மாவட்டத்துக்கே வந்துவிடுகிறேன். கும்மிடிப்பூண்டி பக்கம் தோக்கமூரில், திரௌபதி அம்மன் கோவிலை ஒட்டிய நிலத்தில் தலித் மக்கள் புழங்க முடியாதபடி ஆண்டுக்கணக்கில் ஒரு சுவர் நின்றது. தீண்டாமை ஒழிப்பு முன்னணி போராட்டம் அறிவித்து, பேச்சு முற்றிய பிறகுதான் அதிகாரிகள் அதை இடித்தார்கள். சிப்காட் தொழிற்பேட்டையில் உருக்காலைகளும் தொழிற்சாலைகளும் புகைந்துகொண்டிருக்க, அதே வட்டத்தில்தான் இது. அந்த ஆலைகளுக்கு ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்திருக்கும் பையன்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘வடக்கன்’ என்று கூப்பிடுகிறோம். வாடகைக்கு வீடு கேட்டால் வீட்டுக்காரர் முகம் மாறுகிறது. கேட்டால், ‘அவங்க இல்லாம கம்பெனியே ஓடாது, நம்மகூடத்தான இருக்காங்க, யாரு என்ன பண்ணிட்டோம்?’ தருண் விஜய் சொன்ன அதே வாக்கியம், நம் உச்சரிப்பில். 2025 டிசம்பர் இறுதியில் உங்களுக்குப் பக்கத்துத் திருத்தணியில் வடமாநிலத் தொழிலாளி ஒருவரைச் சிறுவர்கள் அரிவாளால் வெட்டி, அதைப் படம்பிடித்துப் போட்டார்கள். போதை, ரீல்ஸ் மோகம் என்று பேச்சு போயிற்று. அவையும் காரணமாக இருக்கலாம். நொய்டாவிலும் வேறு காரணங்கள் சொல்லப்பட்டன.

பள்ளிப்பட்டுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. சித்தூர் மாவட்டத்தில் இருந்த உங்கள் ஊர் 1960 ஏப்ரல் முதல் நாள் சென்னை மாநிலத்துக்குள் வந்தது. தெலுங்கும் தமிழும் ஒரே திண்ணையில் பேசிய வீடுகளில் யாரும் இடம் நகரவில்லை. எல்லைக்கோடுதான் நகர்ந்தது. ‘வெளியாள்’ என்பது எவ்வளவு லேசாக ஒட்டும், உரியும் பட்டம் என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்?

கடைசியாக இன்னொரு ஊர். தோக்கமூரைப் போல ஆத்துப்பாக்கமும் கும்மிடிப்பூண்டிப் பக்கம்தான். 2020 ஆகஸ்ட் 15 அன்று அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட தலித் பெண் ஊராட்சித் தலைவரைத் தேசியக் கொடி ஏற்ற விடவில்லை. செய்தி வெளியே வந்தபின் மாவட்ட ஆட்சியர் நேரில் வந்தார், போலீசும் வந்தது, ஆகஸ்ட் 20 அன்று அவரே கொடியேற்றினார். இரண்டு ஆண்டு கழித்து, 2022 சுதந்திர தினத்துக்கு முன், அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு எல்லா மாவட்ட ஆட்சியர்களுக்கும் கடிதம் எழுதினார். ஊராட்சித் தலைவர்கள் சாதிப் பாகுபாடின்றிக் கொடியேற்றுவதை உறுதி செய்ய வேண்டும் என்று கோட்டையிலிருந்து உத்தரவு. இப்போதெல்லாம் யார் பார்க்கிறார்கள் என்று கேட்கிறவரிடம் அந்தக் கடிதத்தை ஒரு நகல் எடுத்துக் கொடுங்கள்.

அன்புடன்,
லண்டனிலிருந்து