கதவைத் தட்டியவர்

"கர்த்தர் உன்னை எதற்காகப் படைத்தார்?" என்னும் வினாவை முதன்முதல் என் செவியில் ஏற்றியவர், 1977ஆம் ஆண்டு ஈப்போவில் நடந்த வாலிபர் கூட்டமொன்றில் பேசிய பிரசங்கியார். எனக்கு அப்போது வயது இருபத்து மூன்று. ரிங்லெட்டை அடுத்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் பேர் எழுதும் சின்னக் கிராணியாக இருந்தேன். பெற்றோர் இருவரும் கொழுந்துக் கூடை சுமந்தவர்கள். ஒவ்வொருவனுக்கும் தேவன் ஒரு பெருங்காரியத்தை முன்குறித்திருக்கிறார், அதைக் கண்டறியாதவன் வாழ்வு வீண் என்று அவர் முழங்கியதைக் கேட்டேன். தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து மலையேறும் பேருந்தில் வீடு திரும்பும்போதே என் உள்ளத்தில் தீப் பற்றிக்கொண்டது. கிராணி வேலை பெருங்காரியமன்று என்பது மட்டும் எனக்கு ஐயமறத் தெரிந்திருந்தது.

அன்று தொட்டு வெள்ளிதோறும் உபவாசம். இரவில் நெடுநேரம் ஜெபம். அடையாளம் ஒன்று வேண்டுமென்று காத்திருந்தேன். கிளியைக் கொண்டு சீட்டெடுத்து ஜோசியம் பார்க்கும் தோட்டத்து ஜனங்களைக் கண்டு நகைத்த நான், வேத புத்தகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு திறந்து, விரல் பட்ட வசனத்தில் என் வருங்காலத்தைத் தேடினேன். இதற்கும் கிளி ஜோசியத்துக்கும் பேதம் யாது என்று எவரேனும் வினவியிருந்தால் கடுங்கோபம் கொண்டிருப்பேன்.

1978ஆம் ஆண்டில் ஒரு வெள்ளி இரவு. வெளியே மூடுபனி. முழங்காலிட்டிருந்தேன். லயத்துக் கதவை யாரோ தட்டினார்கள். நான்கு வீடுகளுக்கு அப்பால் குடியிருந்த அக்காள் நின்றாள். கணவனை இழந்தவள், கொழுந்து எடுப்பவள். கையில் ஒரு கடிதம். அவளுடைய மகனுக்கு வயது பன்னிரண்டு; லயத்திலேயே பிறந்தவன்; பிறப்பு பதிவு செய்யப்படவில்லை. தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முடிகிறது. மேலே படிக்கக் காகிதம் வேண்டும். விண்ணப்பத்தை விசாரிக்க மறுநாள் காலை வருமாறு அழைத்திருந்தார்கள்.

"தம்பி, நாளைக்கு ஒரு பொழுது கூட வாப்பா. அவங்க மலாயில கேட்டா எனக்கு வாய் எழும்பாது."

காகிதம் என்ற சொல்லே அந்நாளில் எங்களை நடுங்கச் செய்யும். குடியுரிமை இல்லாதோர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்னும் சட்டம் 1969இல் நடைமுறைக்கு வந்தபோது, இந்நாட்டின் தோட்டங்களிலிருந்து எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் மூட்டை கட்டிக் கப்பலேறியதை நாங்கள் மறக்கவில்லை. இவ்வளவும் அறிந்திருந்தும் நான் சொன்ன விடை இது: "நான் உபவாசத்தில் இருக்கிறேன், அக்கா. ஞாயிறு கழியட்டும், பார்க்கலாம்." அவள் "சரிப்பா" என்று கூறிப் பனிக்குள் போய்விட்டாள். நான் திரும்ப முழங்காலிட்டு, என்னை எதற்காகப் படைத்தீர் என்று தேவனைக் கேட்கலானேன்.

அவள் தனியே போக அஞ்சி மறுநாள் போகவேயில்லை. விண்ணப்பம் தள்ளப்பட்டது. பையன் அடுத்த ஆண்டு காய்கறித் தோட்டத்தில் மூட்டை தூக்கப் போனான். செய்தியறிந்து நான் ஓடிச்சென்று தலைகுனிந்து நின்றபோது, அந்த அக்காள் என்னை நொந்துகொள்ளவில்லை. "அவன் தலையெழுத்து அப்படி, நீ என்ன பண்ணுவே?" என்றாள். அவள் வைதிருந்தால் தாங்கியிருப்பேன். என் குற்றத்தை அவள் பிரமதேவன் தலையில் ஏற்றி என்னை விடுவித்துவிட்டாள். தலையெழுத்தை மூடநம்பிக்கை என்று பேசிய கிறிஸ்தவனாகிய நான், அதையே 'தேவசித்தம்' என்று பெயர் மாற்றி, கைகட்டியிருக்க ஒரு சாக்காக வைத்திருந்தேன் என்பது அன்றுதான் விளங்கிற்று.

சில மாதங்களுக்குப் பின் ஒரு போதகரிடம் இரவல் பெற்ற பழம்புத்தகத்தில் ஐடா ஸ்கடர் அம்மையாரின் வரலாற்றை வாசித்தேன். 1870இல் இராணிப்பேட்டையில் பிறந்த அமெரிக்க மிஷனரி குடும்பத்துப் பெண் அவர். பாட்டனார் ஜான் ஸ்கடர் 1819இல் இலங்கைக்கு வந்த வைத்திய மிஷனரி, தந்தையும் வைத்தியர். குடும்பமே ஊழியத்தில் நின்றிருக்க, அப்பெண்ணுக்கோ அதில் சற்றும் விருப்பமில்லை. தாயார் நோயுற்றதால் திண்டிவனத்துக்கு வந்தவர், விரைவில் திரும்பிப் போகவே எண்ணியிருந்தார். 1890களின் முற்பகுதியில் ஓரிரவு, ஒருவர் பின் ஒருவராக மூன்று ஆடவர் அவர் கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மற்றொருவர் வேறொரு ஜாதி இந்து. மூவர் மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தனர். தந்தையாரை அனுப்புவதாக ஐடா கூறினார். அந்நிய ஆடவர் எங்கள் பெண்களைத் தொடலாகாது என்று மூவரும் மறுத்துப் போயினர். பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தனர். மதத்தால் வேறுபட்ட மூவரும் பெண்ணைச் சாக விடுவதில் ஒன்றுபட்டிருந்ததை வாசகர் கவனிக்க!

ஐடா வைத்தியம் கற்கப் புறப்பட்டார். 1899இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1900இல் வேலூருக்குத் திரும்பினார். 1902இல் ஒரு மருத்துவமனை; 1918இல் பெண்களுக்கென ஒரு வைத்தியப் பள்ளி. அதுவே இன்று உலகறிந்த வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. 1960இல் கோடைக்கானலில் காலமாகும்வரை தமிழ்நாடே அவர் வீடு.

புத்தகத்தை மூடினேன், உறக்கம் வரவில்லை. அவரிடம் வந்தவர்களுக்கு அன்றிரவு உதவ அவரால் இயலவில்லை. இயலாமையை உணர்ந்து, இயன்றவராக மாறுவதற்கு வாழ்நாளைக் கொடுத்தார். என்னிடம் வந்தவளுக்கு உதவ என்னால் இயன்றது. அரை நாள் சம்பளமும் பேருந்துக் கூலியும் போதும்.

சாமுவேல் என்னும் சிறுவனின் கதையைக் கிறிஸ்தவர் யாவரும் அறிவர். இரவில் தேவன் அழைத்த குரலை, முதிய ஏலியின் குரலென்று மயங்கி, மூன்று முறை எழுந்து ஓடினான். அவன் பிழைபட்டான் என்றுதான் ஞாயிறு பள்ளியில் எமக்குக் கற்பித்தார்கள். ஆனால் ஒரு கிழவர் கூப்பிட்டதாக எண்ணி மும்முறையும் படுக்கையை விட்டு எழுந்தான் அல்லவா? நானோ மனிதக் குரலைக் கேட்டபின்பும், தேவனுடைய குரலுக்குக் காத்திருப்பதாகச் சொல்லி எழாதிருந்தேன்.

எங்கள் மலையடிவாரப் பேராவிலேயே சிபில் கார்த்திகேசு அம்மையார் இருந்தார். யுரேஷிய கத்தோலிக்கர்; தாதி; தமிழ் வைத்தியர் ஒருவரின் மனைவி. ஜப்பானியர் ஆண்ட காலத்தில் பாப்பான் என்னும் சிற்றூரில், காட்டுக்குள்ளிருந்து இரவில் வந்த போராளிகளுக்கு மருந்திட்டார். 1943இல் பிடிபட்டுச் சொல்லொணாச் சித்திரவதைக்கு ஆளாகி, 1948இல் காலமானார். அவருக்குப் புது அழைப்பு ஏதும் வந்ததாகத் தெரியவில்லை. எப்போதும் செய்துவந்த வேலையையே செய்தார். கதவில் நின்றவர்தாம் வேறு.

தட்டுகிற ஒவ்வொரு கையும் தேவன் கையாகுமா என்று நண்பரொருவர் என்னைக் கேட்டதுண்டு. ஆகாது. குடிக்கக் கடன் கேட்டுத் தட்டியவர்களும் உண்டு, அவர்களை அனுப்பிவிட்டேன். இந்தக் காரியம் எனக்குத் தெரியுமா, இவ்விடத்தில் இதைச் செய்ய வேறு ஆள் உண்டா என்ற இரண்டை மட்டும் கேட்டுக்கொள்வேன்.

தெரிந்த காரியம் எனக்கு ஒன்றே: படிவம் நிரப்புவது. ஆராதனை முடிந்த ஞாயிறுகளில் வீட்டு வாசலில் ஒரு மேசையைப் போட்டேன். பிறப்பு, இறப்பு, அடையாளக் கார்டு, சேமநிதி என்று நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக எழுதுகிறேன். மாரியம்மன் கோயில் பூசாரியின் பத்திரமும் என் கையெழுத்தில் உண்டு. இம்மலையில் போ தோட்டம் தொடங்கிய 1929 முதல் பன்னெடுங்காலம் கொழுந்து பறித்தவை தமிழ்க் கைகள். இன்று நிரைகளில் வங்காளதேசத்தாரும் நேப்பாளத்தாரும் நிற்கிறார்கள். அவர்கள் கொண்டுவரும் கடிதங்களையும் வாசித்துச் சொல்கிறேன்.

அந்த அக்காள் மகனுக்கு அடையாளக் கார்டு கிடைக்கப் பதின்மூன்று ஆண்டுகள் ஆயின. நானும் அவனோடு பலமுறை மலையிறங்கி ஏறினேன். பின்னர் அவனுக்கு ஒரு மகள் பிறந்தாள். பிறந்த மூன்றாம் நாளே பதிவுப் படிவத்தோடு என் மேசைக்கு வந்துவிட்டான். எல்லாவற்றையும் நான் எழுதி முடித்து, தகப்பன் ஒப்பமிட வேண்டிய இடத்தைக் காட்டினேன். பேனாவை இறுகப் பிடித்து, எழுத்து எழுத்தாக, ஆறாம் வகுப்புப் பையனின் கையெழுத்தில் தன் பெயரை எழுதினான்.