டிரைவரண்ணே, லைட்டைப் போடுங்க!

எங்க வேன்ல ஸ்டியரிங்குக்கு வலது பக்கம், முட்டிக்கு மேலே ஒரு ஸ்விட்ச் இருக்கும். பனிமூட்டத்துக்குப் போடுற விளக்கோட படம் அதில் போட்டிருக்கும். அழுத்தினா ஒண்ணும் நடக்காது. 2016-ல் செகண்ட் ஹேண்டா வாங்கின வண்டி. முந்தைய ஓனர் கொடைக்கானல்காரர். முன் பம்பரில் ரெண்டு பனி விளக்கு மாட்டியிருந்தவர், விற்கும்போது விளக்கைக் கழற்றி வச்சுக்கிட்டு ஸ்விட்சை மட்டும் எனக்கு இனாமா விட்டுட்டார். ஆண்டிபட்டியில் பனிக்கு நான் எங்கே போறது? ரெண்டு வருஷம் அது பாட்டுக்குச் சும்மா கிடந்தது.

2018-ல் அப்பாவுக்கு ரெண்டு கிட்னியும் கைவிட்டுடுச்சு. 31 வருஷம் அரசு பஸ் ஓட்டினவர், வாரம் மூணு நாள் என் வண்டியில் பின்சீட்டுப் பயணி ஆனார். மதுரையில் டயாலிசிஸ். ஒவ்வொரு தடவையும் 4 மணி நேரம். எனக்கு வேலை முடிஞ்சுதான் கூட்டிட்டுப் போக முடியும்கிறதால கடைசி ஷிப்ட்தான் வாங்கியிருந்தோம். முடிச்சுக் கிளம்ப ராத்திரி 10 மணி ஆயிடும். செக்கானூரணி, உசிலம்பட்டி, கணவாய் தாண்டி வீடு வந்து சேர ஒண்ணரை மணி நேரம்.

டயாலிசிஸ் பற்றித் தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. கையில் ரத்தக்குழாய் ரெண்டை இணைச்சு ஃபிஸ்டுலான்னு ஒண்ணு வைப்பாங்க. அதில் ரெண்டு பெரிய ஊசி குத்தித்தான் ரத்தத்தை மெஷினுக்கு எடுத்து, திரும்ப உள்ளே விடுவாங்க. ரத்தம் மெஷினில் உறையாம இருக்க மருந்தும் குடுப்பாங்க. ஊசியை எடுத்ததும் பத்துப் பதினைஞ்சு நிமிஷம் அழுத்திப் பிடிச்சு, நின்னுடுச்சான்னு பார்த்துட்டுத்தான் அனுப்புவாங்க. ஆனாலும் சில சமயம் போற வழியில் மறுபடி கசியும்.

அந்த மார்கழி ராத்திரி அதுதான் நடந்தது. உசிலம்பட்டி தாண்டி வந்துக்கிட்டு இருக்கோம். அப்பா தூக்கம். பக்கத்தில் இருந்த அம்மா திடீர்னு, "ஏய்யா, என் சேலை எல்லாம் ஈரமா இருக்குய்யா, தண்ணி பாட்டில் கொட்டிருச்சா பாரு" என்றார். வண்டியை ஓரங்கட்டி செல்போன் டார்ச்சை அடிச்சேன். தண்ணி இல்லை. அப்பாவோட இடது கை, வேட்டி, அம்மாவோட மடி எல்லாம் ரத்தம். எவ்வளவு நேரமா வழிஞ்சதுன்னு யாருக்கும் தெரியாது. துண்டைச் சுற்றிச் சுற்றிக் கட்டினா நிக்கவே இல்லை. ஆஸ்பத்திரிக்கு போன் போட்டேன். நர்ஸ் அக்கா, "துணியைச் சுத்தாதீங்க, ஊசி குத்தின ஓட்டை மேலயே விரலை வச்சு அழுத்துங்க, எடுத்து எடுத்துப் பார்க்காதீங்க" என்றார். இருபது நிமிஷம் அழுத்தினேன். நின்னுது. என் கை நடுக்கம்தான் நிக்கலை.

வீட்டுக்கு வந்து யோசிச்சா எல்லாம் இருட்டு பண்ணின வேலை. பின்சீட்டுக்கு மேலே கூரையில் ஒரு விளக்கு இருக்கு. அதோட ஸ்விட்ச் அந்த விளக்கிலேயே இருக்கு. அப்பாவால எட்ட முடியாது. அம்மாவுக்குத் தோள்பட்டை வலி, கையைத் தூக்க முடியாது. டிரைவர் சீட்டில் இருந்து எனக்கும் எட்டாது.

"அப்போ வழி பூரா எரியவிட்டுட வேண்டியதுதான்" என்றேன்.

"எரியவிட்டுட்டு ரோட்டை எப்படிடா பார்ப்ப?" என்றார் அப்பா. "வெளிய இருட்டு, உள்ள வெளிச்சம்னா முன்கண்ணாடி மொகம் பாக்குற கண்ணாடி ஆயிரும். குறுக்க மாடு வந்தாத் தெரியாது. பஸ்ல நாங்க முன்னாடி லைட்டை அமத்திட்டுத்தான் ஓட்டுவோம். கண்டக்டர் டிக்கெட் போடணும்பான், ஜனங்க லைட்டைப் போடச் சொல்லிக் கத்தும். வேணுங்கிறப்ப போட்டு, வேணாங்கிறப்ப அமத்தணும். ஸ்விட்ச் டிரைவர் கையில இருக்கணும்டா."

எலக்ட்ரீசியன் தம்பி, டேஷ்போர்டில் ஒரு ஓட்டை போட்டுப் புது ஸ்விட்ச் வச்சுடலாம்னான். ஓட்டைன்னதும் அப்பா முகம் சுருங்கிடுச்சு. வண்டியில் ஒரு கீறல் விழுந்தாலும் தாங்காத ஆள். அப்பத்தான் முட்டிக்கு மேலே இருந்த கொடைக்கானல் ஸ்விட்ச் என் கண்ணில் பட்டுச்சு. இதுக்கு எதுக்கு எலக்ட்ரீசியன், நாமளே பண்ணிடலாம்னு ஞாயித்துக்கிழமை இறங்கிட்டேன். (இந்த இடத்தில் நீங்க சிரிக்கலாம்.)

ஸ்விட்சுக்குப் பின்னால் மூணு கால். ஒண்ணுக்குப் பாசிட்டிவ் வருது. ரெண்டாவது, விளக்குக்குப் போன ஒயர். மூணாவது, ஸ்விட்சுக்குள்ளே இருக்கிற குட்டி விளக்குக்கு எர்த். கூரை விளக்கில் இருந்து ஒரு ஒயரை இழுத்து ரெண்டாவது காலில் சேர்த்தேன். ஸ்விட்சைப் போட்டேன். எரியலை. என்னடான்னு இறங்கிப் பார்க்கக் கதவைத் திறந்தேன். டப்! ஃபியூஸ் போச்சு. அதே ஃபியூஸில் இருந்த ரேடியோவும் செத்துப்போச்சு. திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பா ஒண்ணும் சொல்லலை. பேப்பரை மட்டும் கொஞ்சம் உயர்த்திப் பிடிச்சுக்கிட்டார்.

வெட்கத்தை விட்டு அதே தம்பிக்குப் போன் போட்டேன். "அண்ணே, அந்த விளக்குல பாசிட்டிவ் எப்பவுமே நிக்கும். கதவைத் திறந்தா கதவு ஸ்விட்ச் எர்த்தைத்தான் குடுக்கும். நீங்க எர்த்து லைன்ல பாசிட்டிவை விட்டிருக்கீங்க" என்றான். அப்புறம்தான் புரிஞ்சுது. கதவு மூடியிருந்தப்போ பல்புக்கு ரெண்டு பக்கமும் பாசிட்டிவ், அதனால எரியலை. கதவைத் திறந்ததும் அந்தப் பாசிட்டிவ் நேரா பாடியில் இறங்கிடுச்சு.

ஆக, செய்ய வேண்டியது இவ்வளவுதான். முதலில் பேட்டரியோட நெகட்டிவைக் கழற்றணும் (நான் கழற்றாம ஆரம்பிச்சது முதல் தப்பு). முதல் காலில் வந்த பழைய பாசிட்டிவை எடுத்து நல்லா டேப் சுத்தி ஒதுக்கிவிட்டு, அந்த இடத்தில் எர்த் குடுக்கணும். ரெண்டாவது காலில் இருந்து கதவு ஸ்விட்ச் லைனுக்கு ஒரு ஒயர். இப்போ கதவைத் திறந்தாலும் எரியும், ஸ்விட்சைப் போட்டாலும் எரியும். பழைய 10 வாட் பல்பை எடுத்துட்டு எல்இடி போட்டேன், மறந்து விட்டாலும் பேட்டரி இறங்காதுன்னு.

அன்னைக்கு ராத்திரி ஸ்விட்சை அமத்தின பிறகும் எல்இடி மின்மினிப் பூச்சி மாதிரி மங்கலா எரிஞ்சுக்கிட்டே இருந்தது. மூணாவது காலில் இருந்த எர்த்தை எடுக்க மறந்துட்டேன். குட்டி விளக்கு வழியா கரண்ட் கசிஞ்சிருக்கு. அதையும் பிடுங்கினதும் அடங்கிச்சு. முன் விளக்கை ஆஃபில் வச்சு, பின் விளக்கைக் கதவு நிலையில் வச்சேன். முன்கண்ணாடியில் அடிக்காம இருக்க, பின் விளக்கோட முன்பக்கம் மட்டும் கறுப்பு சார்ட்டை வெட்டி அப்பாவே ஒட்டினார்.

செவ்வாய்க்கிழமை ராத்திரி, செக்கானூரணி தாண்டினதும் பின்னாலிருந்து ஒரு குரல்.

"டிரைவரண்ணே, லைட்டைப் போடுங்க!"

31 வருஷம் மத்தவங்க தன்னைப் பார்த்துக் கத்தினதை, அப்பா அன்னைக்குத்தான் முதல்தடவையா இன்னொரு டிரைவரைப் பார்த்துக் கத்தினார். அம்மா சிரிச்ச சிரிப்பில் எனக்கும் அடக்க முடியலை. ஸ்விட்சைப் போட்டேன். கண்ணாடியில் பார்த்தேன். இடது கையைத் தூக்கிக் காட்டினார். வெள்ளை பிளாஸ்திரி, வெள்ளையாவே இருந்தது. அமத்தினேன்.

அதுக்கப்புறம் அது பழக்கமாயிடுச்சு. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை போடுவேன், பார்ப்பேன், அமத்துவேன். ரெண்டு தடவை கசிவு வந்தது. ரெண்டு தடவையும் பிளாஸ்திரியில் எட்டணா அளவு சிவப்பு தெரிஞ்சப்பவே பிடிச்சுட்டோம். அம்மா விரலை வச்சு அழுத்திக்கிட்டே வந்தார். வண்டியைக்கூட நிறுத்தலை.

அப்பா 2021-ல் போயிட்டார். வீட்டில், பகல் நேரத்தில்.

போன மாசம் சர்வீஸுக்கு விட்டப்போ ஒரு புதுப் பையன் ஸ்விட்சைத் தட்டிப் பார்த்துட்டு, "அண்ணே, பனி விளக்குப் படம் போட்டிருக்கு, ஆனா உள் விளக்கு எரியுது. யாரோ மாத்திக் குடுத்துட்டாங்க போல. சரி பண்ணிடவா?" என்று கேட்டான்.

"வேணாம்ப்பா, அது சரியாத்தான் இருக்கு" என்றேன்.