ஒரு நகரம், இரண்டு ஊர்கள்

பெங்களூரில் கடைக்காரரிடம் எந்த மொழியில் பேச்சைத் தொடங்குவது? எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சிக்பேட்டையில் கன்னடம் நல்லது. சிவாஜிநகரிலும் அல்சூரிலும் தமிழே போதும். இது தற்செயல் அல்ல; 1809ல் விழுந்த கோடு.

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் நோயால் அவதிப்பட்ட பிரிட்டிஷ் படை, அந்த ஆண்டு பெங்களூருக்கு வந்தது. ஆனால் 1537ல் கெம்பே கௌடா அமைத்த பேட்டைக்குள் குடியேறவில்லை. கிழக்கே அல்சூரை ஒட்டி கன்டோன்மென்ட் எழுப்பிக்கொண்டது. வெள்ளையருக்கு அகன்ற சாலைகள், தோட்டம் சூழ்ந்த பங்களாக்கள். சிப்பாய்களாகவும் சமையல்காரர்களாகவும் வியாபாரிகளாகவும் கூலிகளாகவும் வந்த தமிழர்களுக்கு அல்சூர் பஜாரும் பிளாக்பள்ளியின் சந்துகளும். அந்த பிளாக்பள்ளிதான் இன்றைய சிவாஜிநகர். மர்பி டவுனும் ஆஸ்டின் டவுனும் பின்னாளில் ஏழைத் தொழிலாளர்களுக்காக உருவான குடியிருப்புகள்.

பிரிவினைக்கு நிர்வாகமும் துணை நின்றது. 1864ல் ஜோலார்பேட்டையிலிருந்து வந்த ரயில் முதலில் கன்டோன்மென்டில்தான் நின்றது. 1881ல் மைசூர் ராஜ்யம் உடையார்களிடம் திரும்பியபோதும் கன்டோன்மென்ட் பிரிட்டிஷ் ரெசிடென்டிடமே இருந்தது. இந்தப் பக்கம் மகாராஜாவின் ஆட்சி, அந்தப் பக்கம் பிரிட்டிஷ் ஆட்சி. நடுவே 1870ல் உருவான கப்பன் பார்க். மரங்கள் மறைத்ததால் சுவர் தேவைப்படவில்லை. சென்னையில் கோட்டைக்கு வெளியே 'கறுப்பர் நகரம்' இருந்ததைப் போன்ற ஏற்பாடுதான். இங்கே கொஞ்சம் பசுமை அதிகம்.

இரண்டும் ஒரே மாநகராட்சி ஆனது 1949ல். சட்டத்தில் கோடு அழிந்தது, தெருவில் அழியவில்லை. நிறம் பார்த்துப் பிரித்த இடத்தைப் பணம் பிடித்துக்கொண்டது. பங்களாக்கள் பல அடுக்குமாடிகளாயின. அவற்றுக்குக் கூப்பிடு தூரத்தில், உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் சிறு வீடுகளில்.

நிறத்துக்குப் பதில் இன்னொரு கேள்வியும் முளைத்தது: இவர்கள் யார்? ஏழெட்டுத் தலைமுறையாக இங்கேயே வாழும் குடும்பங்களும் 'வெளியூர்க்காரர்கள்' என்ற சொல்லுக்குத் தப்பவில்லை. அல்சூர் ஏரிக்கரையில் 1991ல் வைக்கப்பட்ட திருவள்ளுவர் சிலை, எதிர்ப்பால் 18 ஆண்டுகள் மூடியே கிடந்தது. 2009ல், சென்னையில் கன்னடக் கவி சர்வக்ஞருக்கும் சிலை என்ற உடன்பாட்டோடுதான் அது திறக்கப்பட்டது.

2016 முதல், அல்சூரில் மெட்ரோ ஏறுபவர் கப்பன் பார்க்கின் அடியில் புகுந்து சில நிமிடங்களில் மெஜஸ்டிக்கில் இறங்கிவிடுகிறார். 1809ன் கோட்டை இதைவிட வேகமாகக் கடக்க வழியில்லை. மாலையில் அதே ரயிலில் அவரவர் பக்கத்துக்கே திரும்புகிறார்கள்.