சத்தத்தோட போடட்டுமா?

சோப்பு வெட்டுற ஸ்லோமோஷன் வீடியோ எல்லாரும் பாக்குறோம்ல.
நம்ம கிருஷ்ணகிரி பாரடைசோ கிரானைட் அறுக்குறத அப்படிப் பாத்திருக்கீங்களா?

இன்னைக்கு ஒரு கம்பெனில, போன்ல எடுத்தேன்.
நொடிக்கு 240 ஃபிரேம். 30ல ஓட்டினா எட்டு மடங்கு நிதானம்.

வைரத் துகள் பதிச்ச மணி கோத்த கம்பி.
அது ஓடுற வேகத்துக்கு 240லயும் வெறும் கோடாத்தான் தெரியுது.
தண்ணி மட்டும் சொட்டுச் சொட்டாப் பிரிஞ்சு, கல்மாவோட பால் மாதிரி வழியுது.
பலகை விலகுனதும் ஈரத்துல ஊதா வரி.
அப்பா, என்ன அழகு!

அந்தத் தண்ணி சூட்டைத் தணிக்க மட்டும் இல்லங்க.
தூசியையும் அமுக்குது.
காய அறுத்தா அந்தத் தூள் நுரையீரல்ல படிஞ்சு சிலிக்கோசிஸ்ங்குற நோய் வரலாம்.

மிஷின் பக்கத்துல நின்ன அண்ணன் காதுல பஞ்சு.

இரைச்சல எடுத்துட்டு மியூசிக் சேருன்னு சொல்றாங்க.
எனக்கு மனசு வரல.
அப்படியே போட்டா, கடைசி வரைக்கும் கேப்பீங்களா?