குழாயைக் கடைபவர்கள்

ராக்கெட் மோட்டாரில் எரிகிற மருந்து ஒரே தடவையோடு போய்விடும். நிற்பது குழாய்தான். எரிந்து முடிந்த குழாயைக் கழற்றி, கரியைக் கழுவி, புது ரப்பர் வளையம் போட்டு, மறுபடி மருந்து ஏற்றி அனுப்ப முடிகிறது என்றால், அதைக் கடைந்த கைக்குத்தான் முதல் மரியாதை போக வேண்டும். மீஞ்சூரில் அப்படி ஒரு குழாய் உருவாவதைப் பார்க்கப் போயிருந்தேன்.

கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் எண்ணூரைத் தாண்டினால் கொசஸ்தலை ஆறு, வடசென்னை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள், துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் வரிசை. நந்தியம்பாக்கத்துக்கு அடுத்த நிறுத்தம் மீஞ்சூர். பட்டறை பெரிய சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கிறது. சிமென்ட் அட்டைக் கூரை, இரண்டு லேத், ஒரு ட்ரில்லிங் மெஷின், ஒரு மூலையில் வெல்டிங் செட். வழக்கமாக இங்கே வருவது பம்ப் ஷாஃப்ட், கன்வேயர் ரோலர், டிப்பர் லாரியைத் தூக்கும் ஹைட்ராலிக் சிலிண்டர். இந்த வட்டாரத்துக்கு லேத் புதிதல்ல. 1940களின் கடைசியில் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் வந்தது. 1950களில் திருவொற்றியூரில் என்ஃபீல்டு வந்தது. பெரிய ஆலைகளுக்குப் பின்னால் வந்தவை இந்தச் சின்னப் பட்டறைகள். அப்பாவிடம் கற்ற மகன், மகனிடம் கற்ற பக்கத்து வீட்டுப் பையன் என்று தொழில் கைமாறி வந்திருக்கிறது.

நான் போனபோது லேத்தின் சக்கில் இருந்தது 75 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள அலுமினியக் குழாய். கொண்டுவந்தவர்கள் சென்னைப் பொறியியல் கல்லூரி ஒன்றின் ராக்கெட் குழு மாணவர்கள், ஒரு பெண்ணும் இரண்டு பையன்களும். 1967 நவம்பர் 20 அன்று தும்பாவிலிருந்து பறந்த ரோகிணி-75, இந்தியா தானே செய்து ஏவிய முதல் ஆய்வு ராக்கெட். அதன் குறுக்களவும் 75 மில்லிமீட்டர்தான். அந்தப் பெண்ணுக்கு இது தெரிந்திருந்தது. அளவை அதனால்தான் தேர்ந்தெடுத்தீர்களா என்று கேட்டேன். சந்தையில் கிடைத்த குழாய் இதுதான் என்றார்.

மறுபடி நிரப்பும் மோட்டார் அமெரிக்காவில் பொழுதுபோக்கு ராக்கெட் விடுகிறவர்களிடையே 1990 வாக்கில் பரவியது. அதற்கு முன்பு மோட்டார் என்பது எரித்துவிட்டுத் தூக்கிப் போடுகிற பொருள். கேரி ரோசன்ஃபீல்டின் ஏரோடெக் நிறுவனம் கொண்டுவந்த முறையில் குழாய், முன் மூடி, பின் மூடி மூன்றும் நம்முடையவை. கடையில் வாங்குவது மருந்து உருளைகள், அவற்றைச் சுற்றும் வெப்பத் தடுப்பு உறை, ரப்பர் வளையங்கள் போன்றவற்றை மட்டும். எச், ஐ, ஜே என்று எழுத்தால் வகுப்புப் பிரிப்பார்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் மொத்த உந்தம் இரட்டிப்பாகும். எச்சின் மேல் எல்லை 320 நியூட்டன்-நொடி, ஐயின் எல்லை 640, ஜேயின் எல்லை 1,280. எச்சும் ஐயும் வாங்க முதல் நிலைச் சான்று வேண்டும். ஜே முதல் எல் வரை இரண்டாம் நிலை, எம்மிலிருந்து மூன்றாம் நிலை. சான்று தருவது அரசு அல்ல, பொழுதுபோக்காளர்களின் சங்கங்கள். ராக்கெட்டைக் கட்டி, சான்று பெற்ற மூத்தவர் முன்னால் ஏவி, சேதமில்லாமல் மீட்டுக் காட்டினால்தான் அடுத்த படி.

அலுமினியத்தை ஏன் எடுத்தார்கள் என்பதற்கு லேத் ஓட்டுபவர் சொன்ன காரணமும் மாணவர்கள் சொன்ன காரணமும் வேறு. மாணவர்கள் எடையைச் சொன்னார்கள். அவரோ, “இரும்பு வெடிச்சா துண்டு துண்டா பறக்கும் சார். இது வீங்கும், அப்பறம் கிழியும். ஆள் தப்பிச்சுப்பான்” என்றார். இரண்டும் சரி. பாதுகாப்பு விதிகளை எழுதியவர்கள் நெகிழும் உலோகத்தைக் கேட்பதற்கு அவர் சொன்னதே காரணம். அந்த அலுமினியத்துக்கும் ஒரு பலவீனம் உண்டு. 6061 வகை அலுமினியத்தைச் சூட்டில் பதப்படுத்தித்தான் அதன் வலுவை ஏற்றுகிறார்கள். இருநூறு டிகிரிக்கு மேல் சூடேறினால் அந்த வலு இறங்கத் தொடங்கிவிடும். உள்ளே எரிவதோ இரண்டாயிரம் டிகிரியைத் தாண்டிய நெருப்பு. குழாய்க்கும் நெருப்புக்கும் நடுவில் இருப்பது அந்த மெல்லிய உறையும் எரிகிற சில நொடிகளும்தான்.

வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். மெல்லிய குழாயைச் சக்கில் பிடிப்பதே ஒரு வித்தை. சக்கின் மூன்று ஜாவும் இறுக்கினால் குழாய் முக்கோணமாக நெளியும். அந்த நெளிவோடு உள்ளே கடைந்தால் கழற்றிய பிறகு உள் வட்டம் வட்டமாக இருக்காது. அவர் முதலில் ஒரு தடித்த வட்டைக் கடைந்து, குழாயின் வாயில் தட்டி இறக்கி, அதன் மேல்தான் ஜாவை இறுக்கினார். பிறகு டயல் வைத்துக் குழாயைக் கையால் மெதுவாகச் சுற்றினார். முள் ஆடியது. ரப்பர் சுத்தியலால் ஒரு தட்டு, மறுபடி ஒரு சுற்று. ஆட்டம் அடங்கும்வரை லேத்தை ஓடவிடவில்லை.

அலுமினியம் டூல் முனையில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் கடைந்த பரப்பு கீறலாகும். அதற்கு மண்ணெண்ணெயைத் தூரிகையில் தொட்டுத் தொட்டுத் தடவினார். கடைசிக் கட் எடுத்தபோது உள்ளிருந்து வந்த சுருள் முடிபோல மெலிந்து, அறுபடாமல் நீண்டுகொண்டே வந்தது. சத்தம் மாறியதும் கையைத் தூக்கிவிட்டார். எனக்கு எந்த மாற்றமும் கேட்கவில்லை.

அடுத்தது சர்க்ளிப் உட்காரும் குழி. மூடி வெளியே பிய்த்துக்கொண்டு போகாமல் பிடிப்பது அந்தக் கம்பி வளையம். குழியை வெட்டி முடித்து அளவு பார்த்தார்கள், வரைபடத்தில் உள்ளபடி இருந்தது. மாணவர்கள் கழற்றச் சொன்னார்கள். அவர் கழற்றவில்லை.

“தம்பி, ஓ-ரிங் இந்தக் குழியத் தாண்டித்தான உள்ள போவணும்?”

“ஆமாண்ணா.”

“அப்ப இந்த ஓரம் அத்த சீவிடும். வெளிய பாத்தா தெரியாது. ரிங்கு உள்ள போயி உக்காந்துக்கும், நல்லாத்தான் இருக்குன்னு நெனச்சுக்குவீங்க.”

வரைபடத்தில் அந்த ஓரத்தைச் சரித்துவிடச் சொல்லி எந்தக் குறிப்பும் இல்லை. அவர் சிறிய ஸ்கிரேப்பரால் ஓரத்தின் பிசிறை எடுத்து, நைஸ் எமரியை விரலில் சுற்றி உள்ளே விட்டுச் சுழற்றினார். பழைய ரப்பர் வளையம் ஒன்றுக்கு கிரீஸ் தடவி, தள்ளி, வெளியே எடுத்துக் காட்டினார். வெட்டுக்காயம் இல்லை. டிப்பர் சிலிண்டர்களில் ஆண்டுக்கணக்காக எண்ணெய் ஒழுகக் கண்ட கைக்கு இது தெரிந்திருக்கிறது. 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலத்தை இழந்தது திண்ம மோட்டாரின் இணைப்பில் இருந்த ஒரு ஓ-ரிங்கால்தான். அங்கே காரணம் குளிரும் இணைப்பின் வடிவமும். ஏழு உயிர்கள் போயின. அந்த மோட்டார்களின் எஃகுக் குழாய்களும் கடலிலிருந்து மீட்டு மறுபடி நிரப்பப்பட்டவை. அந்தக் காலத்துக் குழாய்ப் பகுதிகள் சிலவற்றைத்தான் 2022 நவம்பரில் ஆர்ட்டெமிஸ்-1 பயணத்துக்கும் பயன்படுத்தினார்கள்.

ராக்கெட்டின் கதையை எழுதுகிறவர்கள் நெருப்பையே எழுதுகிறார்கள். குழாயை யாரும் எழுதுவதில்லை என்பது என் வருத்தம். 1780 செப்டம்பரில் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புள்ளலூரில் ஐதர் அலி, திப்பு சுல்தான் படையின் ராக்கெட்டுகள் ஆங்கிலேயரை நிலைகுலைய வைத்தன. அந்த ராக்கெட்டுகளில் புதிதாக இருந்தது கருமருந்து அல்ல. ஐரோப்பாவில் காகித அட்டைக் குழாயில் அடைத்த அதே மருந்தை மைசூர்க் கொல்லர்கள் இரும்புக் குழாயில் அடைத்தார்கள். இரும்பு கூடுதல் அழுத்தத்தைத் தாங்கியது. அதனால் ராக்கெட் கூடுதல் தூரம் போனது. 2018இல் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டம் நகராவில் ஒரு பாழுங்கிணற்றைத் தூர்வாரியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட அத்தகைய குழாய்கள் கிடைத்தன. அவற்றைச் செய்த கொல்லர் ஒருவரின் பெயரும் நமக்கு வந்து சேரவில்லை.

மருந்துக்கு வருவோம். அது மீஞ்சூருக்கு வராது, வரவும் கூடாது. மாணவர்கள் இதில் கண்டிப்பாக இருந்தார்கள், எனக்கு நிம்மதியாக இருந்தது. பெரிய ராக்கெட்டிலும் பொழுதுபோக்கு மோட்டாரிலும் எரிவது ஒரே குடும்பம்: ஆக்சிஜன் தரும் அம்மோனியம் பெர்குளோரேட், எரியும் அலுமினியத் தூள், இரண்டையும் பிடித்துவைக்கும் செயற்கை ரப்பர். இறுகிய பிறகு தொட்டால் பள்ளிக்கூட அழிப்பான் போல இருக்கும். உருளையின் நடுவில் ஓட்டை விட்டு வார்ப்பார்கள். உள் சுவர் எரிய எரிய ஓட்டை பெரிதாகும், இரு முனைகளும் எரிய எரிய உருளையின் நீளம் குறையும். ஒன்று கூட்டுவதை மற்றொன்று கழிப்பதால் எரியும் பரப்பு பெரிதாக மாறாது, அழுத்தமும் ஒரே சீராக நிற்கும். வார்ப்பில் காற்றுக் குமிழி தங்கிவிட்டால் தீ அங்கே போய்ச் சேரும் நொடியில் பரப்பு திடீரென்று கூடும், அழுத்தம் எகிறும். அதனால்தான் ஸ்ரீஹரிகோட்டாவில் பிஎஸ்எல்வியின் முதல் கட்டத்துக்கு 139 டன் அளவில் வார்க்கும் மருந்தையும் ஊடுகதிர் கொண்டு சோதிக்கிறார்கள்.

அமெரிக்காவில் இந்த மருந்து வெடிபொருளா இல்லையா என்று பொழுதுபோக்காளர்களின் சங்கங்கள் அரசோடு 2000இலிருந்து வழக்காடி 2009 மார்ச்சில் வென்றன. நம் நாட்டில் 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டமும் 2008ஆம் ஆண்டின் விதிகளும் உண்டு. நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெசோ அமைப்பு உரிமம் வழங்குகிறது. வடசென்னைக்காரர்களுக்கு இந்தக் கட்டுப்பாட்டின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டாம். 2020 ஆகஸ்டில் பெய்ரூட் துறைமுகம் வெடித்த பிறகுதான், மணலியில் ஒரு சரக்குப் பெட்டக நிலையத்தில் 37 கன்டெய்னர்களில் ஏறத்தாழ 700 டன் அம்மோனியம் நைட்ரேட் 2015இலிருந்து கிடப்பது ஊருக்குத் தெரியவந்தது. அவசர அவசரமாக ஐதராபாத்துக்கு ஏற்றி அனுப்பினார்கள். 2023 டிசம்பரில் எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பம் மக்கள் நள்ளிரவில் மூச்சுத் திணறி வீட்டைவிட்டு ஓடினார்கள். இப்படிப்பட்ட ஊரில் விடுதி அறையில் யாரோ ஒரு பையன் அடுப்பில் மருந்து காய்ச்சினான் என்று கேள்விப்பட்டால் நான் அவன் கையைப் பிடித்து நிறுத்துவேன்.

ஆனால் தடுப்பதோடு நின்றால் போதாது. 2025 அக்டோபரில் உத்தரப் பிரதேசத்தின் குஷிநகர் மாவட்டத்தில் மத்திய அரசின் இன்-ஸ்பேஸ் விண்வெளி அமைப்பு மாணவர்களுக்கு மாதிரி ராக்கெட் போட்டி நடத்தியது. அதுபோல முறையான இடமும், உரிமம் பெற்றவர் செய்த மருந்தும், படிப்படியான சான்றும் தமிழ்நாட்டிலும் வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் திருட்டுத்தனமாகக் காய்ச்ச வேண்டிய தேவையே இருக்காது.

குழாயைச் சோதித்தது தண்ணீரால். அனல்மின் நிலைய வேலை பார்த்த பட்டறைக்காரர்களுக்கு ஹைட்ரோ டெஸ்ட் பழகிய சங்கதி. இரு பக்கமும் மூடி, உள்ளே தண்ணீர் நிரப்பி, காற்றை முழுக்க வெளியேற்றி, கைப்பம்பால் அழுத்தம் ஏற்றுவார்கள். தண்ணீர் அமுங்காது, அதனால் குழாய் கிழிந்தாலும் ஒரு சொட்டுப் பீறலோடு முடிந்துவிடும். காற்றால் சோதித்தால் அதே குழாய் குண்டாகிவிடும். எரியும்போது எதிர்பார்க்கும் உச்ச அழுத்தத்தைப்போல ஒன்றரை மடங்கு வரை ஏற்றினார்கள். அழுத்தமானியின் முள் மெல்ல இறங்கத் தொடங்கியது. மாணவர்களின் முகம் வாடிவிட்டது. அவர் குழாயைப் பார்க்கவே இல்லை, நேரே பம்ப் ஹோஸின் இணைப்பைத் துடைத்துப் பார்த்தார். ஈரம் அங்கேதான் இருந்தது. டெஃப்லான் டேப் சுற்றி முறுக்கி மறுபடி ஏற்றியதும் முள் அசையாமல் நின்றது.

நெருப்பு வெளியேறும் நாசிலுக்கான கிராஃபைட்டை மட்டும் அவர் வேண்டாவெறுப்பாகத்தான் எடுத்தார். கிராஃபைட் தூள் லேத்தின் படுகைக்குள் புகுந்தால் தேய்த்துவிடும், மின்சார மோட்டாருக்குள் போனால் ஷார்ட் ஆகும். படுகையைப் பழைய துணியால் மூடி, பக்கத்தில் பையனை வாக்குவம் கிளீனரோடு நிறுத்தி, முகத்தைத் துண்டால் கட்டிக்கொண்டு கடைந்தார். இந்த வேலைக்கு மணிக்கணக்குக் கூலிதான். முகத்துக்கு நல்ல மாஸ்க்காவது மாணவர்கள் வாங்கித் தந்திருக்க வேண்டும் என்று அவர்களிடம் சொன்னேன். அடுத்த முறை கொண்டுவருவதாகச் சொன்னார்கள். திட்ட அறிக்கையில் கடைந்தவரின் பெயரையும் போடுங்கள் என்றேன். அந்தப் பெண் உடனே அவரிடம் முழுப் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

மீஞ்சூரிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் நேர்கோட்டில் வடக்கே ஐம்பது கிலோமீட்டர் அளவில்தான். ராக்கெட் கிளம்பும் நாளில் பட்டறையில் எல்லாரும் வெளியே வந்து பார்ப்பார்களாம். “அதுலயும் எவனோ ஒருத்தன் லேத்து ஓட்டிருப்பான் இல்ல?” என்று கேட்டார். ஓட்டித்தான் இருப்பான்.

குழாய்க்கு அடையாள எண் வேண்டும் என்றார்கள் மாணவர்கள். ஒரு பையன் எண் அச்சை எடுத்துக் குழாயின் மேல் வைத்தான். அவர் சுத்தியலை வாங்கிக்கொண்டார். “சொவத்துல அடிச்சா அந்தத் தழும்புலதான் மொதல்ல கிழியும்” என்று சொல்லி, முன் மூடியின் தடித்த முகத்தில் அடித்தார். பிறகு உள்விட்டத்தை மூன்று இடங்களில் அளந்து நோட்டில் எழுதி, பக்கத்தில் தேதி போட்டார்.

“எரிச்சு முடிச்சதும் கழுவி எங்கிட்ட கொண்டாம்மா. இதே மூணு எடத்துல அளப்பேன். ஒரு எடம் ஏறியிருந்தாலும் அடுத்த தரம் மருந்து போடக் கூடாது, எடைக்குப் போட்டுட்டு வேற கொழா வாங்கிட்டு வா.”

அவர் நோட்டில் அளவுகளுக்கு எதிரே இன்னும் ஐந்து பத்திகளுக்குக் கோடு போட்டு வைத்திருந்தார்.